குளுவாங் பக்கம் திரும்பிய பஸ்

பொந்தியான்,
ஞாயிறு காலை.

அன்பு மகன் மதிவாணனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தங்கச்சி மூன்று பேரும் நல்ல சுகம், என் இடது முட்டி மட்டும் கிளட்சை மிதித்து மிதித்துத் தன் பாட்டுக்குப் புலம்பிக்கொண்டிருக்கிறது. நீயும் அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறாள், என் பெயர் மூன்றாவது, அதுவும் நினைவிருந்தால். என்னடா அப்பா காகிதத்தில் எழுதுகிறாரே என்று பார்ப்பாய். போனில் பேசினால் பாதியில் எனக்குச் சூடேறிவிடும், உனக்கும் ஏறிவிடும், யார் முதலில் வைப்பது என்று போட்டி வரும். காகிதம் என்றால் நீ முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் தேர்தல் சனிக்கிழமை நீ அனுப்பிய ஓட்டு சேரவில்லை. ஏழு நிமிடம் பிந்திவிட்டது. அதைக் கொண்டுபோனது நானும் தங்கச்சி பிரவீனாவும்தான், பிந்தும் என்று தெரிந்தேதான் வண்டியை வேறு பக்கம் திருப்பினோம். ஒரு வாரமாக அவள் உன் போனை எடுக்காததற்குக் காரணம் அதுதான், வேறு கோபதாபம் ஒன்றும் கிடையாது.

போன தேர்தலில் நீ இங்கே வீட்டிலேயே இருந்தாய். ஓட்டுப் போடும் பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். அப்பா என் ஒரு ஓட்டுல என்ன ஆவப் போவுது, போங்கப்பா, என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாய். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அதற்குப் பிறகு நீ ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்துப் போனபோதும் நமக்குள் அந்தப் பேச்சு முள்ளாகத்தான் கிடந்தது, இல்லை என்று சொல்லாதே. அப்படிப்பட்ட நீ, இந்த முறை வாக்குச் சீட்டு புதன்கிழமைதான் கைக்கு வந்தும், தபாலில் போட்டால் சேராது என்று தெரிந்து, லீவு போட்டு இரண்டு மணி நேரம் ரயிலேறி மெல்பர்ன் விமான நிலையத்துக்குப் போய், ஊருக்குத் திரும்புகிற முகம் தெரியாத ஒருவரிடம் உறையைக் கொடுத்தாய் என்று பிரவீனா வந்து சொன்னாள். சட்டையை மாட்டிக்கொண்டு மாமாக் டீக்கடைக்குப் போய், நம் மனோகரனுக்கு நானாகவே ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன். இருபது வருடப் பழக்கத்தில் நான் வாங்கிக் கொடுத்த முதல் தே தாரிக், அந்த மனிதன் பயந்தே போனான்.

தங்கச்சியின் தொண்டூழியத்தைப் பற்றி நான் என்னென்ன பேசியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். பொலிடெக்னிக் பாடத்தை விட்டுவிட்டு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஓட்டுப் போடும் இடம் எது என்று தேடிக் கொடுப்பதும், நம் தாமான் குடியிருப்பில் கால்வாய் அடைத்தால் படம் பிடித்து நகராண்மைக் கழகத்துக்கு எழுதுவதும், எல்லாம் வெட்டி வேலை என்றேன். கால்வாய் சுத்தமானது, அப்போதும் நான் வாயை மூடவில்லை. இந்தத் தேர்தலில் அவர்கள் கூட்டம் எடுத்துக்கொண்டது பெரிய வேலை. வெளிநாட்டில் இருக்கிறவர்களின் ஓட்டுகள் பயணிகள் கையில் கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு வரும், அங்கே பிள்ளைகள் தொகுதி தொகுதியாகப் பிரித்துப் பையில் போட்டு முத்திரை வைத்துக் காரில் தெற்கே அனுப்புவார்கள், சிம்பாங் ரெங்கம் நெடுஞ்சாலை டோலில் அந்தந்த ஊர்ப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போய் மாலை ஐந்து மணிக்குள் தேர்தல் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். பொந்தியானுக்குப் பொறுப்பு பிரவீனா. நம் கார் பட்டறையில் கிடந்ததால் முதலாளி தவுக்கேயிடம் கேட்டுக்கொண்டு நான் ஆட்களை ஏற்றும் பக்டரி பஸ்ஸையே எடுத்துப் போனேன். காலையிலேயே நானும் அம்மாவும் தங்கச்சியும் ஓட்டுப் போட்டு விரலில் மையோடு வந்துவிட்டோம், எனக்கு ஓட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை. நாற்பத்து நான்கு பேர் உட்காரும் வண்டியில் ஆறே ஆறு உறைகளை ஏற்றிவரக் கிளம்பினோம், டோலில் இருந்த பையன்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

விமானம் பிந்தி, கார் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. ஓட்டி வந்தது சட்டம் படிக்கிற ஒரு சீனப் பெண், முகமெல்லாம் களைப்பு. நம் பையைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தாள். நேராக விட்டால் நான்கேகாலுக்குள் பொந்தியான், கண்ணை மூடிக்கொண்டு போகலாம். அப்போதுதான் குளுவாங் பையை வாங்க வரவேண்டிய குணாளன் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் இருப்பதாகப் போன் வந்தது. கை எலும்பு முறிவு, உயிருக்கு ஒன்றும் இல்லை, நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவன் பையில் முப்பத்தொரு ஓட்டு. சீனப் பெண் ஜொகூர் பாருவுக்கு எண்பது ஓட்டோடு அந்த நிமிடமே கிளம்பியாக வேண்டும். பிரவீனா யார் யாருக்கோ போன் போட்டாள், பெயர் பதிந்த தொண்டூழியர்கள் ஒருவரும் பக்கத்தில் இல்லை, வழியில் போகிறவனிடம் கொடுத்தனுப்பக் கூடாது என்பது அவர்கள் விதி. குளுவாங் ஒரு திசை, பொந்தியான் நேரெதிர்த் திசை. எதற்கு முதலில் போனாலும் மற்றது போச்சு. முப்பது வருடம் இந்த ரோட்டில் ஓட்டுகிறவன், மணிக்கணக்கு எனக்குத் தெரியாதா. நான் பொந்தியான் என்றேன். அவள் குளுவாங் என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். உன் அண்ணன் ரெண்டு மணி நேரம் ரயிலேறிப் போய்க் குடுத்த ஓட்டு இது, அவனுக்கு இதான் மொத ஓட்டு, இது போச்சுன்னா அவன் மறுபடி போர்வையைத்தான் இழுத்து மூடுவான், தெரியுமா உனக்கு, என்று டோல் என்றும் பார்க்காமல் கத்தினேன். அவள் அழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. எனக்கும் ஆசைதான்பா, நம்ம அண்ணன் ஓட்டுன்னு ஆறு ஓட்ட எடுத்துட்டுப் போயி முப்பத்தொண்ண ரோட்டுல விட்டேன்னா, அடுத்த தடவ யாரு மூஞ்சியப் பாத்து உங்க ஓட்ட எங்கிட்ட குடுங்கன்னு கேக்குறது, என்றாள். அப்புறம் குளுவாங் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்து வண்டியைக் குளுவாங் பக்கம் திருப்பினேன். எனக்கு மனசே இல்லை மதி, பொய் சொல்லமாட்டேன். அவள் சொன்னாள், ஆனால் திருப்பியது என் கை. அவளாலா பஸ் ஓட்ட முடியும்? அதனால் திட்டுவது என்றால் என்னைத் திட்டு.

மூன்றே முக்காலுக்குக் குளுவாங்கில் முப்பத்தொன்றையும் எண்ணி வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அங்கிருந்து பொந்தியானுக்கு நான் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, செம்பனைத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில், அதைத் தவுக்கே மட்டும் கேள்விப்பட்டால் என் வேலை போய்விடும். வழியில் பெனுட்டில், ஓட்டுப் போட ஊருக்கு வந்த கார்கள் நகரவே இல்லை. பொந்தியானில் தேர்தல் அதிகாரியின் மண்டபத்தில் நுழையும்போது ஐந்து மணி ஏழு நிமிடம். மேசையில் ஒரு மலாய்ப் பெண், பிரவீனா வயதுதான் இருக்கும், மாஃப் பாச்சிக், மன்னிக்கணும் மாமா, என்று மரியாதையாகச் சொல்லி, உறைகளை வாங்கிப் பிந்தி வந்தது என்று முத்திரை குத்தினாள். மேலே இருந்தது உன்னுடையது. பின்பக்கம் சாய்ந்த அந்தக் கோணல் கையெழுத்தைப் பார்த்ததும் நான் சண்டைக்கே போய்விட்டேன். தங்கச்சிதான் கையைப் பிடித்து இழுத்தாள். அவங்க சரியாத்தான் செய்றாங்கப்பா, நமக்கு ஏழு நிமிசம் குடுத்தா இன்னொருத்தனுக்கு ஏழு மணி நேரம் குடுப்பாங்க லா, என்றாள். நாட்டை யார் ஆண்டாலும் சரி, இந்த இரண்டு பெண்கள் மாதிரி நாலு பேர் மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்தால் போதும் என்று வண்டிக்குத் திரும்பும்போது தோன்றியது. அவளிடம் சொல்லவில்லை, தலைக்கனம் வந்துவிடும்.

மறுநாள் மனோகரன், நம் தொகுதியில் வித்தியாசம் ஆயிரக்கணக்கில், ஆறு ஓட்டில் என்ன குடி முழுகிப்போச்சு என்றான். அன்றைக்கு வாங்கிக் கொடுத்த தே தாரிக்கைத் திருப்பிக் கேட்டுவிட்டேன். வித்தியாசம் கோடியாக இருந்தாலும் என் பிள்ளை போட்டது ஒன்று, அது எண்ணப்படவில்லை, அதற்கு நான் வருத்தப்படத்தான் செய்வேன். அதே நேரம் முப்பத்தொரு வீட்டுப் பிள்ளைகளின் ஓட்டு எண்ணப்பட்டது, அதற்குப் பெருமையும் படுவேன், இரண்டும் எனக்குள் இருக்கட்டும். மற்ற ஐந்து பேருக்கும் பிரவீனா நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிட்டாள். ஒருவர் கன்னாபின்னா என்று ஏசியிருக்கிறார், மூன்று பேர் நன்றி சொன்னார்கள், ஒருவர் பதிலே போடவில்லை. ஆறாவது ஆளுக்கு மட்டும் அவளுக்குக் கை வரவில்லை. நாலு நாளாக எழுதி எழுதி அழிக்கிறாள், சாப்பாடு பாதித் தட்டிலேயே நிற்கிறது, அம்மா என்னை முறைக்கிறாள்.

அதனால்தான் இந்தக் கடிதம். அடுத்த தேர்தலுக்கு மெல்பர்னில் உறைகளைச் சேர்த்து அனுப்ப ஒரு பொறுப்பாளர் வேண்டுமாம், மாநிலத் தேர்தல் எப்போது வரும் என்று யார் கண்டது. அண்ணன் பெயரை எழுது என்று தங்கச்சியிடம் சொன்னேன். அண்ணனைக் கேட்காமல் எழுதமாட்டேன் என்கிறாள், கேட்கவும் பயப்படுகிறாள். என் மகன் மாட்டேன் என்று சொல்லமாட்டான், அவ்வளவு தூரம் ரயிலேறினவன் பாதியில் இறங்கமாட்டான் என்று அவளிடம் அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் இருவரின் ஆசியும் உன்கூடவே இருக்கும், எடுத்த காரியம் கைகூடும், தெய்வம் துணை. வாரம் ஒருமுறை தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி, அம்மா சொல்லச் சொன்னாள். கடிதம் கிடைத்த அன்றே தங்கச்சியைக் கூப்பிடு. அவள் எடுக்கமாட்டாள். உடனே என் போனுக்கு அடி, நான் கொண்டுபோய் அவள் காதில் வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் ஓட்டைப் பிந்தவிட்ட அப்பா,
காளியப்பன்