குழிக்கு ஒரு வேப்பங்கொப்பு

நஸீபா,

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, பஸ் மாறி உன் புது மகாராஜபுரம் பள்ளிக்குப் போக உனக்கு எவ்வளவு நேரமாகிறது என்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இங்கே நம் பள்ளிக் குறுங்காட்டுக்கு ஊராட்சி தந்த நிதியை மார்ச்சுக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். "இந்த வெயில்ல கன்னு நட்டா ஒண்ணுகூடத் தங்காது, மழைக்குப் பொறவு நடுவோம்" என்று நீ கையெழுத்துப் போட மறுத்தாய். உனக்கு மாற்றல் வந்தது. உன் பொறுப்புக்கு வந்த நான் போட்டேன். ஜூனில் பள்ளி திறந்தபோது கன்றுகள் கருகிப்போய், குழிக்கு ஒன்றாகப் பிள்ளைகள் பெயர் எழுதிய பலகைகள் மட்டும் நின்றன.

போன வாரம் ஆய்வுக்கு ஆள் வருவதாகத் தகவல் வந்தது. "வேப்பங்கொப்பை ஒடிச்சு குழிக்கு ஒண்ணா ஊனிருவோம் டீச்சர். அவிய போட்டோ எடுத்துட்டுப் போயிருவாக," என்றார் தலைமையாசிரியர். பிள்ளைகள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஊன்றினோம். மறுநாள் வந்தவர்கள் போட்டோ எடுத்தார்கள். ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை.

இன்று ஆறாம் வகுப்பு கௌசிகா, உன் பின்னாலேயே சுற்றுவாளே அவள்தான், என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

"டீச்சர், எம் மரம் பொழச்சிருச்சு. துளிர் விட்டிருக்கு பாருங்க."

குடிக்கக் கொண்டுவரும் பாட்டில் தண்ணீரை முழுக்க அதற்கே ஊற்றுகிறாளாம். ஒடித்த கொப்பில் மிச்சமிருக்கும் ஈரத்தில் வரும் துளிர் அது, நாலு நாளில் வாடிவிடும். நீயாக இருந்தால் அவளிடம் உண்மையைச் சொல்லியிருப்பாய்.

நான், "விடாம ஊத்து" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

உன் நாற்காலியில் இருப்பவள்