டிலுக்சனின் பக்கத்தை மூடும்வரை

2026 ஜனவரி 27, செவ்வாய்
இன்றும் கருவாட்டுக்கு நான் பாய் விரித்ததும் சுவேதினி தன் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கரைக்குப் போய்விட்டாள். பதினாறு வருடம் என்னோடு ஒரே வாடிக் கொட்டிலில் நின்றவள். எல்லாம் அந்த டிலுக்சனால். பிரான்சில் குந்திக்கொண்டு எங்கள் ஊருக்குப் பேஸ்புக் பக்கம் நடத்துகிறான். மண் அகழ்வுக்கு எதிரான மறியலன்று நான் இன்ஸ்பெக்டரோடு பேசிய படத்தைப் போட்டு, மறியலில் நின்றவர்களைப் பொலிசுக்குக் காட்டிக் கொடுத்தவள் என்று எழுதிவிட்டான். அட பாவி! பிடித்து வைத்திருந்த கொழுந்தன் பஸ்ரியனை விடச் சொல்லியல்லவா கெஞ்சினேன்? ஒரு பெயர்கூட என் வாயில் வரவில்லை. நாசமாப் போவான்.

ஜனவரி 30
மாதர் சங்கத் தலைவி இனி நான் இல்லையாம். வட்ஸ்அப்பில் அறிவித்தார்கள்.
விடமாட்டன். அவனை விடவே மாட்டன்.

பெப்ரவரி 6
வெளிநாட்டிலிருந்து இங்கே குழப்பம் மூட்டும் பக்கங்களை அடக்கச் சட்டம் வந்திருக்கிறதாம். முறைப்பாடு கொடுத்தால் பக்கத்தையே மூடுவார்களாம். றொஷேலிடம் சொன்னேன். அவள் மறியலில் முன்னுக்கு நின்றவள். "அக்கா, அது எங்கட வாயைப் பொத்தக் கொண்டந்த சட்டம். அதுக்க போய் விழாதேங்கோ" என்றாள். யாருடைய வாயைப் பொத்தினால் எனக்கென்ன? அவனுடையதைப் பொத்த வேண்டும்.

பெப்ரவரி 12
முறைப்பாடு எடுக்கும் கந்தோருக்குப் போனேன். கதிரை தந்தார்கள், தேத்தண்ணி தந்தார்கள். அந்த அதிகாரி, "ஆள் பிரான்சில. எங்களுக்கு எட்டாது அம்மா. இங்கயிருந்து படம் அனுப்பினது ஆர்?" என்று கேட்டார். எந்தப் பக்கமிருந்து எடுத்த படமென்று எனக்குத் தெரியாதா? அங்கே போனும் கையுமாக நின்றவள் சுவேதினி. எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டேன். பஸ்சில் வரும்போது மனம் குளிர்ந்து கிடந்தது.

பெப்ரவரி 22
தவக்கால முதல் ஞாயிறு. பூசையில் சுவாமி மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். அவருக்கென்ன? அவருடைய படத்தையா போட்டார்கள்?

மார்ச் 3
பக்கம் திறக்கவில்லை. மூன்று தரம் தட்டிப் பார்த்தேன். மூடிட்டாங்கள்!
சுவேதினியைக் கூப்பிட்டு விசாரித்துப் போனையும் வாங்கி வைத்துவிட்டார்களாம். கட்டாரிலுள்ள தன் மனுசனோடு அவள் கதைப்பது அந்தப் போனில்தான். என் மனுசன் கிறகரி சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, "பிள்ளைகாரியடி அவள். அவளின்ர பெயரை ஏன் குடுத்தனீ?" என்றார்.
"என்ர பெயரை நாறடிக்கேக்க நான் பிள்ளைகாரியெண்டு அவளுக்குத் தெரியேல்லையோ?"
அவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார். படுக்கட்டும்.

மார்ச் 11
டிலுக்சனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாரிசில் பிறந்தநாள் கேக் வெட்டுகிறான். புதுப் பெயரில் இன்னொரு பக்கமும் திறந்திருக்கிறான்.

மார்ச் 14
கந்தோர் அதிகாரி தானே போன் எடுத்தார். புதுப் பக்கத்தில் மண் லொறிகளின் படமொன்று வந்திருக்கிறதாம். எனக்கும் அனுப்பினார். என்னைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. "ஆர் எடுத்ததெண்டு உங்களுக்குத் தெரியுமோ அம்மா?" என்றார். நல்ல மரியாதையான மனிதர்.
படத்தின் ஓரத்தில் றொஷேல் வீட்டு வாசற்படலை. ஊரில் இப்போதும் என்னோடு கதைப்பவள் அவள் ஒருத்திதான்.
சொன்னேன்.
திங்கள் காலை பத்து மணிக்கு வந்து அவள் பெயரை எழுத்தில் தர வேண்டுமாம்.