ஏழு கார்களும் முப்பது ஏடு ஆற்றுப்பாசியும்

அன்பு மகள் மனிவானுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் பன்றிகள் மூன்றும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் நலமில்லை. வியஞ்சானில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் ஊர்த்தலைவர் துங்சை வீடுவரை கேட்கும், அதனால்தான் பார்சலோடு இந்தக் கடிதம்.

புத்தாண்டுக்கு ஆஸ்பத்திரியில் லீவு இல்லை, முப்பது ஏடு ஆற்றுப்பாசியாவது அனுப்பு என்று நீ கேட்டதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். இந்த வருஷம் மழை முந்திக்கொண்டது, ஆறு கலங்கிவிட்டால் பாசி போச்சு. இடுப்பளவு தண்ணீரில் நின்று கடைசிப் பாசியை நான் வழித்தெடுக்க, அப்பா கரையோரம் உட்கார்ந்து மணல் போக அலசினார். கீற்றுத் தட்டிகளில் மெல்லியதாகப் பரப்பி எள்ளும் பூண்டும் தக்காளியும் பதித்தாயிற்று, ஒரு முழுநாள் வெயில்தான் பாக்கி. அந்த நாளைப் பார்த்துத்தான் மாவட்ட அதிகாரி நம் ஊரைத் ‘தூய உணவுக் கிராமம்’ என்று அறிவிக்க வருகிறாராம். எல்லார் தட்டிகளும் செம்மண் சாலையோரம் வரிசையாக நிற்க வேண்டும், அவர் பார்க்கும்வரை ஒருவரும் எடுக்கக் கூடாது என்று துங்சை ஒலிபெருக்கியில் கத்தினார். ‘ரோட்டுல புழுதி பறக்குமே அண்ணே’ என்றேன். ‘அதிகாரி கண்ணுல படாத பாசி சுத்தமா இருந்து என்ன புண்ணியம் தங்கச்சி?’ என்றார். பாதித் தட்டிகளைச் சாலைக்கு அனுப்பினேன், பாதியைப் பன்றிக்கொட்டில் கூரையில் ஏற்றினேன். ‘எண்ணிக்கை குறையுதே, பன்னி தின்னுருச்சா?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன். பன்றிகள் மறுக்கவில்லை.

ஒன்பது மணிக்கு வர வேண்டியவர் மூன்று மணிக்கு வந்தார், ஏழு கார்களில். புழுதி அடங்கியபோது எள் எது மண் எது என்று எனக்கே தெரியவில்லை. துங்சை என் தட்டியிலிருந்தே ஒரு ஏட்டை உரித்துப் பொரிக்கச் சொன்னார். அதிகாரி கடித்தது நறநறவென்று எங்களுக்கெல்லாம் கேட்டது. கண்ணை மூடி மென்றுவிட்டு, ‘அடடா, டவுன்ல இந்த மண்வாசனை கிடைக்குமா!’ என்றார். பக்கத்து வீட்டுச் சந்தி அக்கா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். சாலையோரத்துப் பாசி முழுவதையும் அலுவலகத்தாருக்கென்று காரில் ஏற்றிக்கொண்டு, எனக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று மாலையே மழை பிடித்தது. அதற்குள் கூரைப் பாசி மொறுமொறுவென்று காய்ந்திருந்தது, எண்ணினால் சரியாக முப்பது.

அடுத்த வருஷம் எல்லாரும் சாலையோரத்தில்தான் காயவைக்க வேண்டும் என்று துங்சை உத்தரவு போட்டுவிட்டார். ‘அந்த ருசிக்கு என்னதான் போட்டே, எங்கிட்ட மட்டும் சொல்லு’ என்று தனியாக வந்து வேறு கேட்கிறார். கைப்பக்குவம் என்று சொல்லி அனுப்பினேன்.

முப்பதையும் அனுப்பியிருக்கிறேன், அப்பா ஒன்றுகூட எடுக்க விடவில்லை. எண்ணெய் காய்ந்ததும் அடுப்பைத் தணித்துவிட்டுப் போடு, போட்டவுடன் எடு, கருகினால் கசக்கும். புத்தாண்டன்று பெரியவர்கள் ஆசீர்வதித்து உன் கையில் கட்டும் நூலை மூன்று நாள் அவிழ்க்காதே. உடம்பின் ஒவ்வொரு உறுப்பையும் காக்கும் உன் முப்பத்திரண்டு உயிர்களும் உன்னை விட்டு எங்கும் அலையாமல் உன் உடம்பிலேயே தங்கியிருக்கட்டும். உங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய மனிதர் யாராவது சாப்பிட்டுவிட்டு மண்வாசனை போதவில்லை என்றால், அம்மா மன்னிப்புக் கேட்டாள் என்று சொல்லிவிடு.

உன் அம்மா,
கம்பேன்