இடுப்பைப் பார்

அன்பு மகளுக்கு,

முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. இன்றும் பயிற்சியில் பையன்களிடம் தொண்டை கிழியக் கத்தினேன்: "எதிராளி கண்ணைப் பாக்காதீங்கடா, அது ஏமாத்தும். இடுப்பைப் பாருங்க, அது போற பக்கம்தான் ஆளும் போவான்." கூடைப்பந்தில் பதினெட்டு வருடம் அப்படித்தான் தடுத்தேன். சுலபமாக ஒருத்தனும் என்னைத் தாண்டியதில்லை.

உனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொள்ள நீ பெட்டியோடு கிளம்பிய காலையிலும், பழக்க தோஷம், கையை விரித்து வாசலை மறித்தேன். "அப்பா, என் முகத்தைப் பாருங்க" என்றாய். நான் பார்க்கவில்லை. நீ அசையாமல் நின்றுகொண்டே இருந்தாய். கடைசியில் நான்தான் அலுத்துப்போய் வழிவிட்டேன்.

"அவ அழுதுட்டே நின்னா, உங்களுக்குத் தெரியலையா?" என்று அம்மா இன்றுதான் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு வா. முகம் பார்த்துப் பேச உன் அப்பா இப்போதுதான் பழகுகிறார் என்று அவரிடம் முன்பே சொல்லிவை.

அப்பா