அவர் எடுக்காத டெஸ்ட்

ஆகஸ்ட் 4, திங்கள்
புழுக்கம். மணலிப் பக்கத்துக் காற்று, கேஸ் நாற்றம். பள்ளிக்கு அரைநாள் லீவு. நாள் இரண்டு வாரம் தள்ளிப்போய்விட்டது. நாற்பத்து மூன்று வயசு, நிற்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். கிட் வாங்கிப் பார்த்தால் இரண்டு கோடு. இன்னொரு கிட். அதிலும் இரண்டு.

ஜனவரியில்தான் இவருக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனது. மாத்திரையால் எனக்குப் பிரஷர் ஏறுகிறது என்றதும், தானே பண்ணிக்கொள்கிறேன் என்றவர். அக்காவிடம் எவ்வளவு பெருமை பேசியிருப்பேன்.

ஆகஸ்ட் 5
சொன்னேன். தோசை பாதியில் நின்றது.
"நான்தான் கட் பண்ணிகினேனே. அப்ப இது எப்டி வந்துது?"
குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.
வாங்க: துவரம்பருப்பு, தயிர், மகளுக்கு ரெக்கார்டு நோட்டு.

ஆகஸ்ட் 7
இவருக்கு ஹாலில் படுக்கை. எங்கள் பள்ளி பி.டி. சார் இன்னும் வேலையில் இருக்கிறாரா என்று மகளிடம் விசாரணை. சாருக்கு ஐம்பத்தெட்டு. இரண்டு முட்டியும் போச்சு.

ஆகஸ்ட் 8, வெள்ளி
ஆபரேஷன் பைலைத் தேடி எடுத்தேன். மூன்று மாதம் ஆணுறை, பிறகு விந்துப் பரிசோதனை, அணு இல்லை என்று தெரிந்த பிறகே நம்பலாம். அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். ஏப்ரலில் போய் வந்து, எல்லாம் கிளியர் என்றார். ரிசல்ட் தாள் மட்டும் இல்லை. கேட்டேன்.
"போவல."
லேப் கவுன்ட்டரில் இருந்தது, ஹார்பரில் இவரோடு கிரேன் ஓட்டுபவரின் மனைவியாம்.
"அந்தப் பொம்பள கைல டப்பாவ குடுக்க சொல்றியா? மறுநாளு ஹார்பரே சிரிச்சிகினு இருந்திருக்கும்."
எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

பொய்யைக்கூட விட்டுவிடலாம். டெஸ்ட் எடுக்கவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் இவர். தெரிந்துகொண்டே கேட்டார். மூன்று நாள் அப்படியே விட்டுவைத்தார். நான் குளியலறையில் உட்கார்ந்து, என்ன தப்பு செய்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்
தண்டையார்பேட்டையில் வேறு லேபில் கொடுத்தார். அணு இருக்கிறது. கண் கலங்கி வந்து, "நம்மளுதுதான்" என்கிறார். எனக்கு ஏதோ புதுச் செய்தி போல. கையில் பிரியாணி. அவரும் மகளும் சாப்பிட்டார்கள். வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன்.

ஆகஸ்ட் 12
லேசான தூறல். தனியாகப் போனேன். பிரஷர் 150/100. ஏழு வாரம். டாக்டரம்மா இரண்டு வழியையும் பொறுமையாகச் சொன்னார். கலைப்பதென்றால் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம்மா, உங்களுடையது போதும் என்றார்.
போட்டேன்.