கை நனைத்த வீடு

அண்ணி,

இன்று காலை மருமகள் எனக்குச் சாமைக் கஞ்சி வைத்தாள். சர்க்கரைக்கு நல்லதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பஞ்சத்தில் குடித்ததை இப்போது மருந்தென்று குடிக்கிறோம். கஞ்சி கொதிக்கும் வாசனை கூடத்துக்கு வந்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆபீசுக்குப் பின்னால் புளியமரத்தடியில் நின்று, "தள்ளாதீங்க, எல்லாத்துக்கும் இருக்குது" என்று வரிசையை அதட்டுவீர்களே, அந்தக் குரல்.

நம் ஆபீஸ் ஒன்றும் பெரிய ஆபீஸ் அல்ல. தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. அண்ணனும் நானும் வக்கீல்கள். குமாஸ்தா நஞ்சப்பா, டைப் அடிக்கும் சாமுவேல். முன்கட்டில் ஆபீஸ், பின்கட்டில் குடித்தனம். ஆபீஸ் சேதி எங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாக அவிழ்ப்பீர்கள். "நஞ்சப்பா வூட்டுல மறுபடி பொண்ணு பொறந்திருக்குதுங்க. இந்த வாரம் அவரைச் சேலத்துக்குத் தொரத்தாதீங்க." "சாமுவேலுக்குக் கண்ணு மங்குது. கண்ணாடி போடச் சொன்னா கோவிச்சுக்கறாரு. நீங்க சொன்னதா சொல்லிட்டேன்." அண்ணன் தலையாட்டியபடி சாப்பிடுவார். இந்த வீட்டில் மூன்று வக்கீல் என்று நான் கிண்டல் செய்தால், "எனக்கு மட்டும் பீஸ் வர்றதில்லை தம்பி" என்பீர்கள்.

யுத்தம் நடந்தது. பர்மா அரிசி நின்றுபோய், இங்கே மழையும் ஏமாற்றியபோது கஞ்சித் தொட்டி யோசனையைச் சொன்னது நீங்கள்தான். ஆபீசில் உள்ளவர்களையும் விடவில்லை. விறகும் தண்ணீரும் நம்முடையவை. உப்பு நஞ்சப்பா வீட்டிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் சாமுவேல் வந்து அகப்பையைப் பிடிப்பார். தவசதானியம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்தார்கள். பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் நடந்து வந்தார்கள்.

நாம் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அப்பா காலத்திலிருந்து நம் ஆபீசுக்கு ஒரு கட்டு உண்டு. நம் வீட்டில் கை நனைத்தவருக்கு எதிராக நாம் கோர்ட்டில் நிற்பதில்லை. விருந்துக்கு வருகிறவர்கள் விரல் விட்டு எண்ணும்படி இருந்தவரை அது சுலபமான கட்டு. இப்போது பாதித் தாலுகா நம் கொல்லைப்புறத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. குமாஸ்தாதான் முதலில் கேட்டார்: "ஐயா, தொட்டிக் கஞ்சியும் கணக்குத்தானுங்களா?" அண்ணனின் நேர்மை உங்களுக்குத் தெரியாததா? "எலையில போட்டாலும் தொட்டியில ஊத்தினாலும் சோறு சோறுதான்" என்று சொல்லிவிட்டார். ஓரிரு வழக்குகளைத் திருப்பியும் அனுப்பினார். "இப்படியே போனா நம்ம ஆபீசுல நாய் படுத்துத் தூங்கும்" என்று நஞ்சப்பா கன்னடத்தில் முணுமுணுத்தார்.

பேச்சு அரூருக்கும் போயிற்று. அங்கே ஒரு தானிய மண்டிக்காரர். சித்தேரி மலையிலிருந்து பெருமாயி என்கிற பெண் அவர்மேல் நம்மிடம் வழக்குக் கொடுத்திருந்தாள். புருஷன் செத்தவள். மலையடிவாரத்தில் அவர்கள் காலங்காலமாக உழுத புஞ்சைக் கொல்லையை மண்டிக்காரர் வேலி போட்டு மடக்கிக்கொண்டார். அந்த மழைக்கு அவர் ஆள் விதைத்துவிட்டால் அனுபோகம் அவருடையதாகிவிடும். ஊரில் மற்ற வக்கீல்கள் அவருக்கு எதிராக வரமாட்டார்கள். சேலத்துக்குப் போய் வக்கீல் பிடிக்கும் வசதி அவளுக்கு இல்லை. நாம் இல்லாவிட்டால் கொல்லை போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வில்வண்டியில் வந்து இறங்கினார் மண்டிக்காரர். அங்கவஸ்திரமும் வெள்ளி டம்ளருமாக வரிசையில் நின்றார். கந்தல் கட்டிய ஜனங்கள் வழிவிட்டு ஒதுங்கியபோதும், "இருக்கட்டும், என் மொறை வரட்டும்" என்றார். உங்கள் முன்னால் வந்ததும் டம்ளரை நீட்டினார்.

"ஒரு கரண்டி ஊத்துங்கம்மா. பசிக்குது."

வந்தவரை இல்லையென்று அனுப்புவதில்லை என்பது நீங்கள் போட்ட சட்டம். ஊற்றினீர்கள். நின்ற இடத்திலேயே குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, ஆபீஸ் வாசலில் நின்ற அண்ணனிடம் போனார். "வக்கீலய்யா, உங்க வூட்டுல கை நனைச்சாச்சுங்க. வரட்டுங்களா?"

அண்ணன் முகம் செத்துவிட்டது. டம்ளரில் குடித்ததால் கை நனையவில்லை என்று நான் ஒரு பாயிண்ட் எடுத்தேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் பெருமாயியைக் கூப்பிட்டு, வக்காலத்தை வாபஸ் வாங்குவதாகச் சொல்லிக் காரணத்தையும் சொன்னார். அவள் அழவில்லை. நிமிர்ந்து கேட்டாள்:

"அவரு ஒரு கரண்டி கஞ்சி குடிச்சதுக்கு என் கொல்லை போவுதுங்களா சாமி?"

கதவுக்குப் பின்னால் உங்கள் வளையல் சத்தம் கேட்டது.

அன்று மத்தியானம் நீங்கள் சோறு போட்ட வேகத்திலேயே ஏதோ வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"ஏங்க, நேத்து பானையில வெந்தது யாரு தவசம்?"

"யாருதா இருந்தா என்ன? ஒல வெச்சது நம்ம வூடு."

"வெறகும் தண்ணியும் நம்முதுதான். இல்லேங்கல. வெறகைத் தின்னுட்டா போனாரு அவரு? பெருமாயி மலையிலிருந்து தலைச்சுமையா கொண்டாந்து போட்டுச்சே சாமை, அதுதான் நேத்து வெந்தது. கீழ சனம் பசியா கெடக்குதுன்னு அது குடுத்ததுங்க."

அண்ணன் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினார். "உப்பு?"

"உப்பு நஞ்சப்பா வூட்டுது. வேணுமின்னா நஞ்சப்பா கோர்ட்டுல வாதாட வேண்டாமுன்னு சொல்லுங்க."

எனக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. நீங்கள் சிரிக்கவில்லை. "அவரு கை நனைச்சது பெருமாயி வூட்டுலங்க. எதிர்த்து நிக்கக் கூடாதது அவருதான், நாம இல்ல. மாமாவோட கட்டை நான் ஒடைக்கச் சொல்லல. சரியா பாருங்கன்னுதான் சொல்றேன்."

அண்ணன் மோரைக் குடித்துவிட்டு எழுந்தார். கை கழுவி வந்து, "நஞ்சப்பா, அந்தம்மா பஸ் ஏறிடப் போறாங்க, போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார்.

கோர்ட் வராந்தாவில் மண்டிக்காரர் மறித்துக்கொண்டார். "என்னங்க வக்கீலய்யா, உங்க வூட்டுக் கட்டு இவ்வளவுதானா?" அண்ணன் நிதானமாக, "நீங்க குடிச்சது பெருமாயி குடுத்த சாமைங்க. உங்க வூட்டுக் கட்டு எப்படின்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இந்தப் பேச்சு மண்டிக்காரருக்கு முன்னால் அரூர் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்காக அவர் திருந்திவிடவில்லை. அந்த மழைக்கு அவர் ஆள் விதைக்காதபடி தடை வாங்கினோம். வழக்கைக் கடைசிவரை நடத்தினார், தோற்றார், அப்பீல் போனார், அங்கேயும் தோற்றார். வேலியைப் பிரித்தார்கள். பெருமாயி விதைத்தாள்.

அறுப்பு முடிந்து அவள் நம்மைச் சாப்பிடக் கூப்பிட்டாள். கட்சிக்காரர் வீட்டில் வக்கீல் வீட்டார் சாப்பிடுவது அப்போது வழக்கம் இல்லை. மலைக்குடி வீட்டில் சாப்பிடுவது என்றால் ஊரில் இன்னும் நாலு நாள் பேசுவார்கள். அண்ணன் தயங்கினார். நீங்கள், "தம்பி, நீங்க துணைக்கு வாங்க" என்று கிளம்பிவிட்டீர்கள். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ்ஸில் அரூர் வரை, அப்புறம் மாட்டு வண்டி, அப்புறம் நடை. வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினீர்கள். பெருமாயி சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். ஊரே சுற்றி நின்று பார்த்தது. நீங்கள் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

இறங்கும்போது உங்களிடம் கேட்டேன்: "உண்மையைச் சொல்லுங்க அண்ணி. அன்னைக்கு வெந்தது பூராவும் பெருமாயி சாமைதானா?"

"பானையில வுழுந்த தவசத்தைப் பிரிச்சுப் பாக்க முடியுங்களா தம்பி?" என்றீர்கள். கொஞ்ச தூரம் போன பிறகு, நானே எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னீர்கள். "அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. இனி இந்த மலைக்காரங்களுக்கு எதிரா நம்ம ஆபீசுல காயிதம் போடக் கூடாது. கை நனைச்சுட்டேன்."

நீங்கள் போய் வெகு காலம் ஆகிவிட்டது. அடுத்து அண்ணன். நஞ்சப்பா, சாமுவேல் எல்லாரும் போய், மிச்சம் இருப்பவன் நான்தான். ஆபீசை உங்கள் பேரன் நடத்துகிறான். உங்களை அவன் பார்த்ததே இல்லை. நல்ல பிள்ளை, ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளை. அவனுக்கு இந்தக் கட்டெல்லாம் ஏறுமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது.

போன வாரம் அவனிடம் ஒரு பெரிய கம்பெனி வந்தது. மலையடிவாரத்தில் கல் எடுக்கப் போகிறார்களாம். பாதைக்குக் குறுக்கே நிற்கிற ஜனங்கள்மேல் தடை உத்தரவு வேண்டுமாம். எந்த ஊர் ஜனங்கள் என்று கேட்டேன். சொன்னான். பெருமாயி ஊர்தான். "சின்னத் தாத்தா, இந்த மாதிரி கட்சிக்காரர் நம்ம ஆபீசுக்கு வந்ததே இல்லை" என்றான். அவன் ஆசை எனக்குப் புரிந்தது. இருந்தாலும் நடந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் எழுந்துபோய்விட்டான், அண்ணி.

மறுநாள் கம்பெனி ஆட்கள் வந்திருந்தார்கள். நான் உள்ளறையில் படுத்திருந்தேன். ஏன் முடியாது, என்ன காரணம் என்று அவர்கள் விடாமல் கேட்பது காதில் விழுந்தது. அவன் சொன்னான்:

"எங்க பாட்டி அங்க சாப்பிட்டிருக்காங்க. மன்னிச்சுக்குங்க."