வண்டிக்கு அடியில் ஒரு ஈரம்

செவ்வாய், செப். 30

காலையிலிருந்து புழுக்கம். மழை பூச்சாண்டி காட்டிவிட்டுப் போய்விட்டது.

வேலை முடிந்து பாடி கடைத்தெருவுக்குப் போய் வாங்கியது: எஞ்சின் ஆயில் ஒரு கேன், ஆயில் ஃபில்டர், அதைக் கழற்ற ஒரு ரெஞ்ச், பூஜைக்குப் பொரி, கடலை, எலுமிச்சம்பழம். பொரியை நிலன் கண்ணில் படாமல் மேலே வைத்தாச்சு. மூன்று வயதுக்கு அவனுக்கு எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறதோ.

கடைக்காரர், "சார் வரலையாம்மா?" என்றார். எந்த சார்? கழற்றப்போவது நான்தான் என்றேன். எனக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும்.

போன தடவை ஒர்க்‌ஷாப்பிலிருந்து கார் வந்ததும் ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஆயில் கன்னங்கரேல். மாத்திட்டேன் மேடம் என்று மெக்கானிக் சாதித்தான். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், இனிமேல் நானே.

இவருக்கு இஷ்டமில்லை. வியாழக்கிழமை நிலனைக் கூட்டிக்கொண்டு வாலாஜா போகணும். மாமனார் வீட்டில் விஜயதசமிக்கு அவனை அரிசியில் எழுத வைக்கிறார்கள். அதுக்கு முன்னாடிதான் வண்டியில் பரிசோதனை பண்ணணுமா என்கிறார். பரிசோதனை இல்லை, பராமரிப்பு என்றேன்.

எனக்கு அன்றைக்கு லீவு கிடையாது. அமெரிக்காக்காரனுக்கு ஏது விஜயதசமி. பிள்ளை முதல் எழுத்து எழுதுவதை வீடியோ காலில் பார்க்கணும்.

புதன், அக். 1. ஆயுத பூஜை

வெயில் மண்டையைப் பிளக்கிறது. கேட்டுக்கு உள்ளே, வண்டிக்கு அடியில், பழைய நைட்டியும் தலையில் துண்டுமாக நான். ஜாக்கி, ஸ்டாண்டு, சக்கரத்துக்குக் கல், எல்லாம் முறைப்படி. பழைய ஆயில் தார் மாதிரி பேசினில் இறங்கியது. அதைப் பார்க்கவே ஒரு திருப்தி.

ஃபில்டர்தான் உயிரை வாங்கியது. ரெஞ்ச் வழுக்குகிறது, அது அசையவில்லை. இதற்கு நடுவில் வாலாஜாவிலிருந்து அத்தை ஃபோன். நல்ல நேரம் முடிவதற்குள் ஆயுதத்தையெல்லாம் கழுவிப் படையலில் வைத்துவிடு, வைத்தபிறகு நாளைக் காலை மறுபூஜை வரை யாரும் தொடக்கூடாது என்று. ரெஞ்சும் ஸ்பானரும் என் கையில்தானே இருக்கு அத்தை என்று சொல்ல முடியுமா? மூச்சைப் பிடித்துத் திருகினேன். கழன்றது. முழங்கை வரை ஆயில். பழையதை ஒரு கவரில் போட்டுக் கட்டி ஓரமாக வைத்துவிட்டுப் புதியதைக் கையாலேயே இறுக்கினேன். ஆயில் ஊற்றி ஸ்டார்ட் பண்ணினேன். டேஷ்போர்டில் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்து, உடனே அணைந்தது. அப்பாடா.

ஸ்பானர், ரெஞ்ச், என் லேப்டாப், இவருடைய கத்திரிக்கோல், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். வண்டிக்கு மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். இவர் வண்டியை ஏற்றி நசுக்கிவிட்டுத் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தார். பக்கத்து வீட்டு டில்லி அண்ணன், ஆட்டோ ஓட்டுகிறவர், கேட் முன்னால் பூசணிக்காய் உடைத்தார். உள்ளே ரொப்பியிருந்த குங்குமத் தண்ணீர் கேட்டைத் தாண்டிச் சிதறியது.

"இன்னாமா, நீயே வண்டிய பிரிச்சி மேஞ்சிட்டியாமே. நம்ம ஆட்டோவயும் ஒரு கை பாரேன்." கிண்டல்தான். ஆனாலும் பிடித்திருந்தது.

வண்டியை உள்ளே விட்டபிறகு முன்பக்கம் அடியில் ஒரு கை அகலத்துக்கு ஈரம். என்ன அது என்று கேட்டேன். பூசணிக்காய்த் தண்ணீர்தான், குங்குமம் கலந்திருக்கிறதில்லையா, கறுப்பாகத்தான் தெரியும் என்றார் டில்லி அண்ணன். எல்லார் காலிலும் அந்தச் சிவப்பு. வண்டியும் கழுவிச் சொட்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்க்கலாம் என்றால் பட்டுப்புடவை.

இவர், "நல்லாத்தான் பண்ணியிருக்க" என்றார். இவர் வாயிலிருந்து! அந்த சந்தோஷத்தைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசில்லை.

வியாழன், அக். 2. விஜயதசமி

மூட்டம். காலையிலேயே இருவரும் கிளம்பிவிட்டார்கள். நிலன் கையில் பொரிப் பொட்டலம்.

மறுபூஜை செய்து லேப்டாப்பை எடுப்பதற்கு முன் கேட்டடியைப் பெருக்கினேன். பூசணிக்காய்க் கறை காய்ந்து வெளிறிக் கிடக்கிறது. வண்டி நின்ற இடத்து ஈரம் மட்டும் காயவில்லை. நேற்றைவிடப் பெரிசு. கால் வழுக்கியது. தொட்டு முகர்ந்தேன். ஆயில்.

ஓடிப்போய்க் கவரைப் பிரித்தேன். பழைய ஃபில்டரின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கணும். இல்லை. அது எஞ்சினோடேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதன்மேல் புது வளையத்தை வைத்து நான் இறுக்கியிருக்கிறேன். வேகம் பிடித்தால் இரண்டும் பிதுங்கும். ஆயில் மொத்தமும் கொட்டும். எஞ்சின் இறுகி நடு ஹைவேயில் நிற்கும். பின்னால் லாரி. உள்ளே என் பிள்ளை.

உடனே கூப்பிட்டேனா? இல்லை. ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்பவே சொன்னேனே என்பார். மாமனார் வீடு முழுக்கப் பேச்சாகும். இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

பிறகு கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது ஃபோன் எடுக்கக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். மறுபடி. மறுபடி. மெசேஜ். எடுக்கவில்லை.

மறுபூஜை ஆகவில்லை. படையலிலிருந்து ரெஞ்சையும் ஸ்பானரையும் சந்தனத்தோடு எடுத்துப் பையில் போட்டேன். சாமி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். ஆபீசுக்கு ‘வீட்டில் அவசரம்’ என்று அனுப்பிவிட்டு ஸ்கூட்டி. ஆவடி, பருத்திப்பட்டு, பூந்தமல்லி. ஓரம் நிற்கும் வெள்ளைக் கார் ஒவ்வொன்றும் எங்களுடையது மாதிரியே இருந்தது. வாழைக்கன்று கட்டின லாரிகள் உரசிக்கொண்டு போயின. வாய்க்குள் நிலன் பேரையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெங்களூர் ரோடு ஏறியதும் ஃபோன் அதிர்ந்தது. இவர். நசரத்பேட்டை தாண்டி ஒரு டீக்கடை பக்கம் நிறுத்தியிருக்கிறாராம், எஞ்சின் கடகடவென்று சத்தம் போடுகிறதாம். பூந்தமல்லியில் ஃபோனை வண்டியிலேயே விட்டுவிட்டு இட்லிக்கு நின்றாராம், அதனால்தான் அதற்குமேல் போகவில்லை.

போனதும் முதலில் பிள்ளையைத் தூக்கினேன். பெஞ்சில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "அம்மா, கார் ஒன்னுக்குப் போயிடுச்சு" என்றான்.

சூடு ஆறும்வரை காத்திருந்து அடியில் படுத்தேன். ஃபில்டரைக் கழற்றியதும் இரண்டு வளையமும் வந்தன, ஒன்றன்மேல் ஒன்று, நசுங்கி. பழையதைத் தூக்கி எறிந்தேன். புதியதில் கிழிசல் இல்லை. துடைத்து மாட்டி, பக்கத்துக் கடையில் ஆயில் வாங்கி ஊற்றினேன். ஸ்டார்ட். விளக்கு அணைந்தது. சத்தம் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு அடங்கியது.

விளக்கு எப்போது எரிந்தது என்று கேட்டேன். இவர் கையைத் துடைத்துக்கொண்டே வேறெங்கோ பார்த்தார். இட்லி சாப்பிட்டுக் கிளம்பினதுமே என்றார்.

"அங்கயே ஏன் நிறுத்தல? என்னை ஏன் கூப்பிடல?"

"நேத்து உன் முகத்துல அவ்ளோ சந்தோஷம். சொன்னா ஒடஞ்சிபோயிடுவ. ஒயரிங் எதாவது இருக்கும்னு ஓட்டிட்டேன்."

பிள்ளையை வைத்துக்கொண்டு! கத்தத்தான் வாயைத் திறந்தேன். நான் ஃபோனோடு நின்ற மாதிரியேதானே இவரும் சிவப்பு விளக்கோடு ஓட்டியிருக்கிறார்.

"நானும் தெரிஞ்ச உடனே கூப்பிடல," என்றேன்.

இவர் பின்சீட்டில் நிலனுக்கு பெல்ட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார். கிளம்பினார்கள்.

வீட்டுக்கு வந்து லாகின் பண்ணியாச்சு. வேலை எதுவும் ஓடவில்லை. இவர் வழி நெடுக வண்டியை ஓரம் கட்டிக் கூப்பிடுகிறார். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தடவை. அதற்கப்புறம் ஒரு தடவை. "லைட் எரியல," அவ்வளவுதான், வைத்துவிடுகிறார். நானும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.